பூங்காவுக்குள் திரும்பிய பஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்கள்: எங்கள் நகர் நலச் சங்கத் தலைவர் தனசேகர் அண்ணன், ஜெனரல் ஷிஃப்ட் ஆண்கள், ரிட்டயர் ஆனவர்கள், பூங்கா கட்டப்போகிற இளம் பொறியாளர் மேடம், அப்புறம் நான்.

வராதவர்கள்: நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், ஞாயிறு ஓவர்டைமுக்குப் போனவர்கள். அதாவது... நகரில் பாதிப் பேர்.

ஒரகடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் நகர். பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனை, லே-அவுட் போட்ட நாளிலிருந்து சும்மாவே கிடக்கிறது. இப்போதுதான் பணம் வந்திருக்கிறது. "கட்டுறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்கணும்" என்று வரைபடத்தோடு வந்து நின்றார் மேடம். நம்மைக் கூப்பிட்டு 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று யார் கேட்கிறார்கள்? எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வரைபடம் நேராக என் கைக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போதாததற்கு மெக்கானிக்கல் டிப்ளமா. எந்தப் பேப்பர் வந்தாலும் தெருவே "தம்பி கிட்ட குடு" என்று சொல்லும். நானும் விளக்கினேன் — இது எட்டு வடிவ நடைபாதை, இது ஊஞ்சல், இது புங்க மரம், சுற்றிலும் காம்பவுண்டு சுவர். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். மிக்சர் சாப்பிட்டுக் கலைந்தோம்.

மறுநாள் காலை வாசலில் கோமதி அக்கா. பக்கத்து வீடு. செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எப்போதும் செகண்ட் ஷிஃப்ட்.

"இன்னாப்பா, பார்க்கு வருதாமே? சுவரு எங்க வருது?"

"நாலு பக்கமும் வருதுக்கா."

"அப்ப பஸ்சு எங்க திரும்பும்?"

திரும்பி அந்த மனையைப் பார்த்தேன்.

மத்தியானம் அக்காவை ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி பஸ், ராத்திரி பதினொன்றுக்கு மேல் கொண்டுவந்து விடுகிற பஸ் — இரண்டும் அந்தக் காலி மனையில்தான் வட்டமடித்துத் திரும்பும். தெருவில் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது என்பது கம்பெனி சேஃப்டி ரூல். மனையை அடைத்துவிட்டால் பஸ் உள்ளே வராது; மெயின் ரோட்டோடு சரி. அங்கிருந்து ஏரிக்கரை ஓரம், விளக்கே இல்லாத பாதை. நாலு கால் நாய்களும் உண்டு, இரண்டு கால் நாய்களும் உண்டு.

"எங்க வூட்டுக்காரரு கண்டிஷனா சொல்லிட்டாரு, பஸ்சு உள்ள வரலன்னா வேலைய உட்டுடுன்னு. பொண்ணு இப்பதான் காலேஜு சேந்துகீது. நான் நின்னா அதுவும் நிக்கணும். ரெண்டு பேரும் உங்க ஊஞ்சல்ல குந்தி ஆடினு கீறோம், போ!"

"கூட்டத்துக்கு வந்து சொல்லியிருக்கலாமேக்கா..."

"எப்ப வர்றது? நீங்கள்லாம் கைய தூக்கினு இருந்தப்ப நான் கம்பெனி லைன்ல நின்னுகினு இருந்தேன்."

தனசேகர் அண்ணனிடம் ஓடினேன். "தீர்மானம் போட்டாச்சு தம்பி. இப்ப போய் மாத்துங்கன்னு நின்னா, இவனுங்களுக்கு பார்க்கே வாணாம்னு ஃபண்டை வேற ஊருக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க" என்றார். அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறதே!

அன்றைக்கு வேலையில் மனம் ஓடவில்லை. எங்கள் கம்பெனியில் புது மெஷின் வருவதற்கு முன்னால், தரையில் பெயின்ட் கோடு போட்டு, டிராலியை ஓட்டிப் பார்ப்போம். இடித்தால் கோட்டைத்தான் அழிக்க வேண்டும், மெஷினை அல்ல. மெஷினுக்கு ட்ரையல் உண்டு... பார்க்குக்குக் கூடாதா?

மேடத்துக்கு போன் போட்டேன். "செகண்ட் ஷிஃப்ட் பஸ் வர்ற நேரத்துக்கு ஒரு தடவை வாங்க மேடம்." வருகிறேன் என்றார்.

மேடம் வந்த அன்று மத்தியான வெயிலில், சாப்பாட்டுப் பையை ஓரமாக வைத்துவிட்டு, நான் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, செகண்ட் ஷிஃப்ட் பெண்கள் சுண்ணாம்புப் பொடியால் மொத்தப் பூங்காவையும் தரையில் போட்டார்கள். நைட் ஷிஃப்ட்காரர்கள் சிவந்த கண்ணோடு எழுந்து வந்து கயிறு பிடித்தார்கள். தனசேகர் அண்ணனும் லீவு போட்டு வந்திருந்தார்.

பஸ் வந்தது. டிரைவர் ஏழுமலை தலையை வெளியே நீட்டினார். "இன்னாப்பா, கபடி மேட்ச்சா?"

"பார்க்குண்ணே. நீங்க எப்பவும் போல திருப்புங்க."

திருப்பினார். பஸ் சுவரை ஏறிக் கடந்து, நடைபாதையின் ஒரு வளைவைத் தின்று, ஊஞ்சல் மேல் போய் நின்றது.

"இப்ப நான் எங்க கீறேன்?"

"ஊஞ்சல்லண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள். கோமதி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் டயர் தடத்தோடு ஒருமுறை நடந்தார். டேப் பிடித்துப் பார்த்தார். "சுவரை இந்தத் தடத்தை விட்டு உள்ளே தள்ளிடலாம். இந்த மூலை திறந்த இடமாவே இருக்கட்டும். ஒரு லைட்டும் போட்டுக்கலாம்."

"ஃபண்டு திரும்பிப் போயிடாதே?" — தனசேகர் அண்ணன்.

"போகாது சார். மூலையை வெட்டுறதால சுவர் நீளம் குறையத்தான் செய்யுது, செலவு ஏறாது."

"ஆனா... எட்டு போட்டு நடக்க முடியாதே மேடம்" என்றார் அண்ணன்.

"ஆறு போட்டு நடண்ணா!" என்றார் கோமதி அக்கா. இப்போது அவரும் சிரித்தார். பஸ் படியில் ஏறும்போதே மகளுக்கு போன்: "பஸ்சு உள்ளயே வருமாம்டி. நீ ஒயுங்கா கிளாசுக்குப் போ."

மக்களைக் கேட்டுக் கட்டுவது நல்லது... ரொம்ப நல்லது. ஆனால் மக்கள் எந்த ஷிஃப்ட் என்பதை முதலில் கேட்டுவிட வேண்டும்.

கட்டிய சுவரை இடித்திருந்தால் எத்தனை லட்சமோ, தெரியாது. எங்களுக்கு ஆனது — சுண்ணாம்புப் பொடி, கயிறு, எல்லோருக்கும் டீ — முந்நூற்று நாற்பது ரூபாய்.