செக்கிங் டேபிளில் என் தோள்பட்டை

கண்ணுகளா, உங்கள் அப்பன் ஏன் இடது கையால் தலை சீவுகிறான் என்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை. கேட்காததால் நானே எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பனியன் கம்பெனியில் துணி ரோல்களைத் தோளில் சுமந்து கட்டிங் டேபிளுக்குக் கொண்டுபோவது என் வேலை. ஒருநாள் ரோலைத் தூக்கும்போது வலது தோளுக்குள் சுருக்கென்றது. அதற்குப் பிறகு கை தலைக்கு மேலே போகவில்லை. முதலாளி பெரிய மனசுக்காரர், எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். எலும்பு ஒழுங்காக இருந்தது. ஆகவே எனக்கு வலியும் இல்லை என்று கம்பெனியில் முடிவாகிவிட்டது.

"எலும்பு முத்தாட்டம் இருக்குதுங்களே, அப்புறம் என்னுங்க? ரோலைத் தூக்குங்க," என்றார் முதலாளி.

கோயமுத்தூர் டாக்டர்தான், தசைநார் எக்ஸ்ரேயில் விழாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கணும் என்றார். குழாய்க்குள் படுக்க வைக்கும் முன், சத்தத்துக்குப் பயப்படக் கூடாது, அசையக் கூடாது என்று அங்கே ஒருவர் ரொம்ப நேரம் மிரட்டினார். நிட்டிங் மிஷின்களுக்கு நடுவே மத்தியானத் தூக்கம் போட்டுப் பழகியவனிடம்! அது தடதடவென்று ஆரம்பித்ததும் தூங்கிவிட்டேன். எழுப்பித்தான் வெளியே எடுத்தார்கள்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, கறுப்பாக ஓடும் நாரின் நடுவே ஒரு வெள்ளைக் கீற்றைப் பேனா முனையால் தொட்டார். "இங்கதான் கிழிஞ்சிருக்கு. இனி பாரம் தூக்குனா முழுசா அறுந்துடும்."

டாக்டர் சொன்னால் ஆயிற்றா? எங்கள் ஊரில் கிழிசலைச் சொல்ல வேண்டியவர்கள் துணியில் ஓட்டை பார்க்கும் செக்கிங்காரர்கள். முதலாளி படத்தை வாங்கி, அடியில் ட்யூப்லைட் எரியும் செக்கிங் டேபிளின் கண்ணாடிமேல் விரித்தார். ஊசி முனை ஓட்டைகூட அந்த வெளிச்சத்தில் தப்பாது. தலைகீழாகத்தான் விரித்தார். முதலாளி விரித்தால் அதுதான் நேர்.

"ஓட்டையவே காணமே. ஏனுங்க அக்கா, நீங்க பாருங்க."

செக்கிங் அக்கா படத்தை விரலால் தடவினார். "வழுவழுன்னு இருக்குதுங்க. கிழிசல்னா கையில தட்டுமில்லீங்க?"

"துணி நல்லாத்தான் இருக்குது. ஆளுதான் டேமேஜு," என்றார் கட்டிங் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

"கிழிசல் தோள்லீங்க. இது வெறும் படமுங்க," என்றேன்.

"படத்துல இல்லாதது தோள்ல எப்புடீங்க இருக்கும்?" என்றார் முதலாளி. இதற்கு எந்த டாக்டரிடமும் பதில் இருக்காது.

நான் குனிந்து ரோலில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் முகம் கோணிவிட்டது போலிருக்கிறது. அக்கா படத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மொதலாளி, சந்தேகம் வந்த பீஸை நாம பாஸ் பண்றதில்லீங்களே. அப்புறம் அறுந்துச்சுன்னா செக்கிங்கைத்தானுங்க கேப்பீங்க?"

முதலாளி தாடையைத் தடவினார். டாக்டர் பேச்சு ஏறாத இடத்தில் இது ஏறிவிட்டது. "அதுவுஞ் சரிதானுங்க. ஆளைச் செகண்ட்ஸ்ல போட்டுருங்க."

அப்படித்தான் செகண்ட்ஸ் என்று கழித்து, மலிவு விலைக்கு விற்க காதர்பேட்டைக் கடைகளுக்குப் போகும் பனியன்களை உட்கார்ந்து தரம் பிரிக்கும் வேலைக்கு வந்தேன். பனியன்களோடு நானும் ஒரு பீஸ்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனபின் ட்யூப்லைட்டைப் போட்டேன். படத்தை நேராகத் திருப்பி வைத்தேன். ஓட்டை கண்ட இடத்தில் ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றைப் பிரித்து, டாக்டரின் பேனா தொட்ட அந்த வெள்ளைக் கீற்றுக்குப் பக்கத்தில் இடது கையால் ஒட்டினேன். பிறகு லைட்டை அணைத்தேன்.