லீமாவிலிருந்து சாவோ பாவுலோ எவ்வளவு தூரம்?

கியூபெக்கில், விமான நிலையத்தை ஒட்டிய டோர்வலில் ஒரு விமானச் சரக்குக் காரியாலயத்தில் நேர்முகத் தேர்வு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. அன்றைக்கும் சான்றிதழைக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன்.

முகாமையாளர் ஒரு கியூபெக் பெண்மணி. சான்றிதழைப் பார்க்காமலே ஒரு தாளை நீட்டினார். லீமாவிலிருந்து சாவோ பாவுலோவுக்கு ஒரு மருந்துப் பெட்டி போகவேண்டும். விமானத்தில் ஏற்றியபின் ஐஸ் ஆறு மணித்தியாலம் தாங்கும். தூரம் ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர். புறப்படுவது காலை பத்து மணி, இறங்குவது மாலை ஐந்து மணி. பெட்டியை அனுப்பலாமா? விடை சரியென்றால் வேலை என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கோப்பியைக் கையில் எடுத்தார்.

பத்திலிருந்து ஐந்துக்கு ஏழு மணித்தியாலம். ‘அனுப்ப முடியாது’ என்று எழுதிப் பேனையை மூடினேன்.

ஏழு என்றதும் பாரிஸ் நினைவுக்கு வந்தது; இங்கிருந்து பாரிஸுக்குப் பறக்க ஏழு மணித்தியாலம். என் அம்மா அந்தக் காரியாலயத்திலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில் வேலை செய்கிறார். அவர் கிலோமீற்றரில் கதைப்பதில்லை. பாரிஸ் இரண்டு சாப்பாட்டுத் தூரம், வான்கூவர் ஒரு சாப்பாட்டுத் தூரம், ரொறன்ரோ தண்ணிப் போத்தல் தூரம். அதைக் கேட்டு நான் எத்தனையோ தரம் சிரித்திருக்கிறேன். இங்கிருந்து வான்கூவர், தாளில் இருந்த தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்கே ஐந்தரை மணித்தியாலம்தான். அப்படியிருக்க, இந்த விமானத்துக்குப் பாரிஸ் நேரம் எப்படி வரும்?

தாளைத் திரும்பப் பார்த்தேன். பத்து மணி லீமா நேரம். ஐந்து மணி சாவோ பாவுலோ நேரம். இரண்டு ஊருக்கும் இரண்டு மணித்தியால வித்தியாசம். பறப்பது ஐந்தே மணித்தியாலம். எழுதியதை வெட்டி, ‘அனுப்பலாம்’ என்று எழுதினேன்.

ஏன் வெட்டினாய் என்று கேட்டார். அம்மாவின் கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கோப்பி தாளில் சிந்தியது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்கு வரச் சொன்னார்.

நேரே சமையலறை வாசலுக்குப் போனேன். இடைவேளைக்கு வெளியே வந்த அம்மாவிடம் நடந்ததை ஒன்றும் விடாமல் ஒப்புவித்தேன். அம்மா பக்கத்தில் நின்ற, கூட வேலை செய்யும் அக்காவிடம் திரும்பினார்.

“என்ர கணக்கிலதான் இவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. மூண்டு வருசம் கல்லூரிக்குச் சும்மா போய் வந்திருக்கிறாள்.”

“ரெண்டு மணித்தியாலம் கழிச்சது நானம்மா.”

“ஓம், ஓம். அதையும் சொல்லுவம்.”

அந்த அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். அம்மா கட்டிப்பிடிக்கவில்லை. இடைவேளையில் இன்னும் பத்து நிமிடம் இருந்தும் உள்ளே போகத் திரும்பினார். ஏன் என்று கேட்டேன்.

“திங்களில இருந்து காலமை ஷிப்ட் கேக்கப்போறன். ரெண்டுபேரும் ஒரே பஸ்ஸில வருவம்.”