பிணை அட்டையும் அகரவரிசையும்

எல்லை கடக்க வரும் மக்களை வரிசைப்படுத்தும் தொழிலுக்குப் பாடசாலையில் பெற்ற பயிற்சியே போதும். ஆனால் பாடசாலையில் மணி அடித்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டுத் தெற்கே போக அனுமதி வேண்டியிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வரிசையில் நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. நாம் சேர்ந்து பட்டதைத்தான் எழுதுகிறேன். அப்போது நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள். திருநெல்வேலியில் என் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி, 'பாஸ்' என்ற அந்த அனுமதியைக் கொடுக்க இயக்கத்தினர் அலுவலகம் ஒன்று திறந்தார்கள். படிவம் நிரப்பத் தெரியாமல் என்னிடம் வந்தவர்களுக்கு விறாந்தையில் இருந்து எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் அலுவலகப் பொறுப்பாளரே வந்து, உள்ளே மேசையும் கதிரையும் தருவதாகச் சொல்லி அழைத்துச் சென்றார்.

சம்பளமில்லாத அந்த வேலையில் எனக்கொரு சுயநலமும் இருந்தது. என் ஒரே மகள் வதனி கொழும்பில் இருந்தாள். நோர்வேயில் இருக்கும் கணவனிடம் போவதற்கு விசாவை எதிர்பார்த்திருந்தாள். நான்கு ஆண்டுகளாக நான் அவளைக் காணவில்லை. அவள் விமானம் ஏறுமுன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும். அந்த மேசையில் இருப்பவளுக்கு அனுமதி தாமதமாகாது என்று நம்பினேன்.

கற்கள் நின்ற வரிசை

வெயில் தாங்காமல் மக்கள் தத்தம் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு வேம்பின் நிழலுக்குப் போய்விடுவார்கள். காலை எட்டு மணிக்குப் வாசற்படலையிலிருந்து அந்தக் குறுந்தெரு ஒழுங்கை முடியும்வரை கற்கள் மட்டுமே ஒழுங்காக நிற்கும். அலுவலகம் திறந்ததும், எந்தக் கல் எவருடையது என்று சண்டை தொடங்கும். நான் பழைய விடைத்தாள்களின் வெற்றுப் பக்கங்களை வெட்டி, இலக்கமிட்டு, ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். சண்டை நின்றது. முன்பு முப்பது பேரைப் பார்த்து முடித்த நேரத்தில் அறுபது பேரைப் பார்க்க முடிந்தது.

கரவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்திருந்த கந்தப்பு என்ற வயல் கமக்காரர் மட்டும் துண்டை வாங்க மறுத்தார். வகுப்பறையில் ஒருவரும் தாங்காத பார்வை ஒன்று என்னிடம் உண்டு. அதையும் அவர்மீது வீசிப் பார்த்தேன். அவர் தம் கல்லைக் காலால் ஒரு முறை நேராக்கிவிட்டுச் சொன்னார்: "துண்டெண்டால் துலைச்சுப்போடுவன், ரீச்சர். கல்லை ஆர் களவெடுக்கப் போகினம்?"

காரணம் என்னும் கட்டம்

படிவத்தில் 'பயணத்தின் காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. இரண்டு விரல் அகலம். நம்மவர்கள் அதற்குள் ஒரு குடும்ப வரலாற்றையே அடக்கப் பார்ப்பார்கள். அடங்காதது ஓரத்தில் ஏறிப் பின்பக்கத்துக்கும் போகும். பொறுப்பாளர் அத்தனையையும் வாசித்து முடிப்பதற்குள் வெளியே நிற்பவர்கள் மயங்கிவிடுவார்கள். ஆகவே, எவராயினும் காரணம் ஒரு வரிக்கு மேற்படக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

குருநகரிலிருந்து வந்த செலஸ்ரீனா என்ற அம்மா, மூத்த மகன் கடற்றொழிலுக்கு மன்னார் போனது, அங்கிருந்து நீர்கொழும்பு போனது, அங்கே கலியாணம் முடித்தது, மருமகளின் முகத்தைக்கூடத் தாம் இன்னும் பார்க்காதது என்று கால் மணி நேரம் கதைத்தார். நான் 'மகனைப் பார்த்தல்' என்று எழுதி, வாசித்தும் காட்டினேன். என் தமிழில் எனக்கிருந்த பெருமையை அவர் பொருட்படுத்தவில்லை. அந்தக் கட்டத்தை இரண்டு விரலால் அளந்து பார்த்தார். "ஏழு வருசத்தை ரெண்டு சொல்லிலை முடிச்சுப்போட்டியள், என்ன?"

சப்பாத்துப் பெட்டிகள்

போகிறவர் திரும்பி வருவார் என்று இங்கே ஒருவர் கையெழுத்திட வேண்டும். அவர்தான் பிணை. போனவர் வந்து சேரும்வரை பிணை நின்றவர் குடாநாட்டை விட்டு நகர முடியாது. அந்தப் பெயர்களையெல்லாம் திகதிவாரியாக ஒரே கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள். புதிதாக வந்த ஒருவர் ஏற்கெனவே எவருக்காவது பிணை நிற்கிறாரா என்று தேட அரை நாள் பிடிக்கும். தேடிக் களைத்துப்போய், "சரி, போங்கோ" என்று விட்டதும் உண்டு.

என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. கடதாசித் தட்டுப்பாட்டுக் காலம். பழைய கொப்பி மட்டைகளை அட்டைகளாக வெட்டினேன். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. அகரவரிசையில் அடுக்கி, காலணி வந்த ஆறு பழைய சப்பாத்துப் பெட்டிகளில் நிறுத்தினேன். மூன்று வாரம் எடுத்தது. பின்னர் எந்தப் பெயரையும் ஒரு நிமிடத்தில் எடுக்கலாம். பொறுப்பாளர் நாலைந்து பெயர்களைச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார். ஒவ்வோர் அட்டையும் கைக்கு வந்தது. பரிசளிப்பு விழாவில் நிற்பது போல நான் நின்றேன். அவர் சொன்னார்: "ரீச்சர், இனி ஒரு குருவியும் எங்களுக்குத் தெரியாமல் பறக்க ஏலாது!"

ஒரு கையெழுத்து

யோகராணி என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவள். தாயின் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போக வந்திருந்தாள். பிணை நிற்க வேண்டிய தமையன் சைக்கிள் காற்றுப் போய் வழியில் நின்றுவிட்டான். அவளுக்குப் பின்னால் நாற்பது பேர். தாய் கண்ணைத் துணியால் பொத்தியபடி வாங்கிலில் இருந்தார். தமையனுக்காகக் காத்திருந்தால் அன்றைய வேலை முழுவதும் குழம்பும். ஒரு மாதத்தில் வந்துவிடுவோம் என்றாள். நான் பேனாவை எடுத்து என் பெயரை எழுதினேன். இரக்கத்தைவிட, வரிசை நிற்கிறதே என்ற எரிச்சலே அதில் கூடுதலாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

அவள் கலங்கிய கண்ணோடு சிரித்தாள். "பள்ளிக்கூடத்திலை ஒரு மாக்ஸ் கூடப் போடமாட்டியள். இண்டைக்கு உங்களையே தூக்கித் தந்திட்டியள், ரீச்சர்!"

அங்காலே பார்த்தவர்கள்

யோகராணி போன ஐந்தாம் வாரம் வதனியின் கடிதம் ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. விசா கிடைத்துவிட்டது, பதினெட்டாம் திகதி மாலை விமானம், 'அம்மா, கட்டாயம் வாங்கோ.' களப்பைப் படகில் கடந்து, சோதனைகளைத் தாண்டிக் கொழும்பு போய்ச் சேர மூன்று நாள். கையில் எட்டு நாள் இருந்தது. மறுநாள் நானும் துண்டு எடுத்து, வரிசையில் நின்று, படிவத்தை நீட்டினேன். என் அட்டை ஒரு நிமிடத்தில் வந்தது. யோகராணி இன்னும் திரும்பவில்லை.

பொறுப்பாளர் என் அட்டையை உள்ளங்கையால் மூடினார். "இதை நான் எடுத்து மேசை லாச்சிக்குள்ளை போடுறன். நீங்கள் போட்டு வாங்கோ" என்று தணிந்த குரலில் சொன்னார். என் கை நீளவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அன்று காலையில்தான், அதே விதியைச் சொல்லி இரண்டு பெண்களைத் திருப்பி அனுப்பியிருந்தேன். ஒருத்தி அழுதுகொண்டே போனாள். என் பின்னால் சத்தம் அடங்கியது. திரும்பினேன். இரண்டாம் முறையாக அனுமதி கேட்டு வந்திருந்த கந்தப்பு, வரிசை முழுவதையும் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தார். தாமும் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "எடுங்கோ பிள்ளை. நாங்கள் ஒருத்தரும் பாக்கேல்லை."

பதினெட்டாம் திகதி

நான் எடுக்கவில்லை. அந்த முடிவு சரியென்றே இன்றும் சொல்வேன். சொல்லும்போது குரல் மட்டும் உயர்வதில்லை.

பதினெட்டாம் திகதி வழமைபோல மேசையில் இருந்தேன். இரண்டு மணிக்கு வதனி வீட்டிலிருந்து புறப்பட்டிருப்பாள். மூன்று மணிக்குக் கடவுச்சீட்டோடு வரிசையில் நிற்பாள். அந்த வரிசையை நடத்துபவர் எவராயினும் கொஞ்சம் அசமந்தமானவராக இருக்கட்டும், முத்திரை குத்தும் மை காயட்டும், எவனாவது காரணத்தைக் கால் மணி நேரம் விளக்கட்டும் என்று வேண்டினேன். அதனால் நான் போய்ச் சேரப்போவதில்லை என்பதும் தெரியும். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தாமதத்துக்கு ஆசைப்பட்டேன். எதிரே படிவத்தோடு இருந்த பெண் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறுதலா எழுதுங்கோ ரீச்சர், எனக்கொரு அவசரமுமில்லை."

விடுதலை

மூன்றாம் நாள் யோகராணி தாயோடு வந்து இறங்கினாள். புண் ஆறப் பிந்திவிட்டதாம். வீட்டுக்குக்கூடப் போகாமல், பயணப் பையோடு நேரே அலுவலகத்துக்கு வந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த தாய் என் முகத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். வதனி போய்விட்டதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. பொறுப்பாளர் என் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குறுக்கே கோடு கீறினார். "இனி நீங்கள் விரும்பின இடத்துக்குப் போகலாம், ரீச்சர்."

அன்று வரிசையில் வந்த எண்பத்திரண்டு பேருக்கும் பகல் ஒரு மணிக்கு முன் அலுவல் முடிந்தது. நிர்வாகத்தில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.