அட்டைக்கடி என்று நினைத்த சிவப்பு

மகளின் கெண்டைக்காலில் அந்தச் சிவப்புப் புள்ளியை முதலில் பார்த்தவன் நான். அவள் பிறந்து மூன்று வாரம். மலையகத்து றொசல்லயில் அடைமழை; வீட்டு வாசல்வரை அட்டை ஏறும் காலம். அட்டைக்கடி என்று முடிவுகட்டி வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தேன். அட்டையைக் கழற்றவும் கடிவாய்க்கும் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் செய்வதுதான்.

ஒரு மாதத்தில் அது கொவ்வைப்பழம் போல் புடைத்தது. மறுபடியும் சுண்ணாம்பு வைத்தேன்.

“ஏங்க, அட்டைக்கடி மாசக்கணக்கா வளருமா? புள்ளைங்களுக்குப் பாடஞ் சொல்லிக்குடுக்கிற வாத்தியாருதானே நீங்க?” என்றாள் மனைவி பார்வதி. கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாக வந்தது.

மூன்றாம் முறை வைத்த மறுநாள் தோல் வெந்து பிளந்து, துணி நனைய இரத்தம். என் நாற்பத்திரண்டு வயதில் கிடைத்த ஒரே பிள்ளை. ரயிலில் அட்டன் நகரம் வரும்வரை அவள் உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் சுத்தமான துணியால் புண்ணைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தார். இரத்தம் நின்றது.

“சுண்ணாம்பு ஆர் பூசினது?”

“நான்தாங்க.”

“படிச்ச ஆள்தானே?”

பார்வதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது ஹீமாஞ்சியோமா (இரத்தக் குழாய்கள் திரண்ட, புற்றுநோயல்லாத கட்டி) என்றார். சிலருக்குத் தோலுக்கடியில் நீலமாக வருமாம். பிறக்கும்போதே தட்டையாக, கருஞ்சிவப்பாக இருக்கும் பிறவிக்குறி வேறு, அது மறையாது. இது ஒரு வயதுவரை வளர்ந்து, பிறகு சுருங்கும்.

“மருந்துங்க?”

“புண்ணுக்கு மட்டும். கட்டியில கை வைக்காம இருங்கோ. அதுதான் உங்களுக்குக் கஷ்டம்.”

கஷ்டம்தான். பிள்ளை வயிற்றிலிருந்தபோது கிரகணத்தன்று பார்வதி வெளியே வந்தாளா என்று அக்கம்பக்கத்தார் விசாரித்தார்கள். கட்டியைத் தலைமயிரால் இறுக்கி அறுக்கச் சொன்னார்கள். சும்மா இருப்பதை யாரும் வைத்தியமாக ஒப்புவதில்லை. நான் தினமும் விரலால் அழுத்துவேன். வெளுக்கும், மீண்டும் சிவக்கும். நாட்கள் அப்படித்தான் போயின.

உங்கள் பிள்ளைக்குக் கண்ணருகே, வாயருகே வந்தால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள். மற்ற இடமென்றாலும் ஒருமுறை காட்டிவிட்டுப் பொறுங்கள் என்று எழுதுவது சுலபம். நான் பொறுக்கவில்லை, பார்வதி சுண்ணாம்பு டப்பாவை ஒளித்துவைத்தாள், அவ்வளவுதான்.

இப்போது மகளுக்கு ஆறு வயது. சிவப்பு தானாகப் போய்விட்டது. நான் சுண்ணாம்பால் சுட்ட இடத்து வெள்ளைத் தழும்பு போகவில்லை.

போன மழையில் ஓடிவந்து அதே காலை நீட்டினாள். “அப்பா, அட்டைப்பா! சுண்ணாம்பு வைங்க!”

கொழுத்த, நிஜ அட்டை. டப்பா கையில் இருந்தது. நான் குனிந்து, அது நெளிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“ஐயோ, இதுக்கு வைக்கலாங்க!” என்று பார்வதி தலையிலடித்துக்கொண்டாள்.

அதற்குள் அட்டை குடித்து நிறைந்து, தானாகக் கழன்று விழுந்தது.