மிஷன் என்றால் தூதரகம்

“மேடம், இதுல மிஷன்னு போட்டிருக்கே, அது சர்ச்சு சம்பந்தப்பட்டதுதான?”

செல்வகுமார் என்னிடம் இப்படிக் கேட்டது 2005 அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மிஷன் வீதியில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாக மடித்த பிரிண்ட் அவுட் ஒன்றை மேசையில் விரித்து வைத்தார். யாரோ நாற்பது பேருக்கு அனுப்பிய ஆங்கில மெயில் அது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு தலைநகரத்தில் பிரெஞ்சு மிஷனை ஒரு கும்பல் தாக்கிவிட்டது, உள்ளே இருந்த ஊழியர்கள் பதினோரு பேர் இறந்துவிட்டார்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள் என்று இருந்தது. கீழே எரியும் கட்டடம் ஒன்றின் படம்.

“யார் குடுத்தாங்க?”

“எங்க அத்தை. அவங்க மேசையில கெடந்தத நான்தான் பாத்துட்டுக் கேட்டேன். லண்டன்ல இருக்கற அவங்க அக்கா மவன் அனுப்பிச்சானாம். சாந்த்ரின் வேல செய்யற ஊரு மேடம் இது.”

சாந்த்ரின் அவருடைய மனைவி. அத்தை என்றது அவளுடைய அம்மாவை. அந்தத் தலைநகரத்துப் பிரெஞ்சுத் தூதரகத்தில், விசா பிரிவில் இருந்தாள்.

“உங்க அத்தை என்ன சொல்றாங்க?”

“மிஷன்னா சாமியாருங்க, கன்னியாஸ்திரிங்க இருக்கற எடமாம். எம்பசியா இருந்தா பிரெஞ்சுல சொல்ற மாதிரி அம்பசாத்னு போட்டிருப்பாங்களாம். நீங்க பிரெஞ்சு படிச்சவங்க, நீங்க சொல்லுங்க.”

நான் யோசிக்கவே இல்லை. “ஆமாங்க, பிரெஞ்சுல மிசியோன்னா அதுதான். இந்தத் தெருவுக்கே அதனாலதான இந்தப் பேரு” என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கல்லாவிலிருந்து முதலாளி கோபிநாத் குரல் கொடுத்தார்.

“என்னா பிரெஞ்சு மாப்ள, பிரான்சு போற பேப்பர் வர்றதுக்குள்ள எம்பசியையே கொளுத்திடுவானுங்க போலருக்கு?”

“கொளுத்துனா உங்களுக்குத்தாண்ணே லாபம். காலம் பூரா உங்க கடையிலதான் கெடப்பேன்.”

பிறகு படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “ஆனா மேடம், இதுல எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்காங்க பாருங்க. அங்க நம்ம ஊரவிட வெயிலுன்னு சாந்த்ரின் எழுதுவா.”

மெயிலை இரண்டு முறை படித்திருந்தும் நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

அவர் வேலையே அப்படிப்பட்டது. சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் செக்கிங். ஓடும் பெல்ட்டில் ஆயிரம் மூடி போனால், விளிம்பு கோணலான ஒன்றை விரலால் சுண்டி வெளியே தள்ளிவிடுவார். அதே கம்பெனி ஆபீசில் பிரான்சுக்குப் போகும் கடிதங்களை எழுதியவள் சாந்த்ரின். சப்பை, பிசிறு, கீறல் என்று மூடிகளின் குறைகளை இவர் எழுதிக் கொடுப்பதைப் பிரெஞ்சில் மாற்ற வேண்டும். ‘பிசிறுன்னா என்ன?’ என்று கேட்டு அவள் ஷெட்டுக்கே வந்தாளாம். இவர் ஒரு மூடியை எடுத்து அவள் விரலால் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொள்வார்.

சாந்த்ரினின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். சேதராப்பட்டில் கேழ்வரகும் மணிலாக் கடலையும் போட்ட வீட்டுப் பிள்ளை அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டினால் எங்கள் ஊரில் ஒரே பேச்சுதான்: பேப்பருக்காகக் கட்டிக்கிட்டான். பேப்பர் என்றால் பிரான்சுக்குப் போவதற்கான தாள்கள். அத்தை ஜொசியானும் அதைத்தான் சொன்னார், கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில். கல்யாணமாகி எட்டு மாதத்தில் சாந்த்ரின் மூன்று வருட ஒப்பந்தத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போனாள். ஒப்பந்தம் முடிந்ததும் பிரான்சுக்குப் போய் அங்கிருந்து இவரைக் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

திங்கட்கிழமைதோறும் அவள் மெயில் போடுவாள். செவ்வாய் இவருக்கு வார விடுமுறை. குளித்து, சட்டை மடிப்புக் கலையாமல், கடை திறக்கும்போதே வந்து நிற்பார். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழை உதடு அசையப் படிப்பார். என்னைத் திரைக்குப் பக்கத்தில் விடமாட்டார். நடுவில் ஏதாவது பிரெஞ்சு வார்த்தை வந்தால் அதை மட்டும் துண்டுத்தாளில் எழுதிவந்து பொருள் கேட்பார். ஒரு விரலால் பதில் அடிப்பார். ஒரு மணி நேரத்துக்கு ஆறு வரி. அந்தச் செவ்வாய் அவளிடமிருந்து மெயில் வந்திருக்கவில்லை; பத்திரமா இருக்கியா என்று ஒரு மெயில் போட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் கடைக்கு வந்த ஆங்கிலப் பேப்பரைப் புரட்டினேன். வேறு ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தைப் பற்றிய செய்தி. தலைப்பில் மிஷன் என்று போட்டிருந்தது. நான் படித்தது தமிழிலும் பிரெஞ்சிலும். பதினைந்து வருடமாக அந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்தது மாதா கோயில் மணியும் கன்னியர் மடமும்தான். ஆங்கிலப் பத்திரிகைக்காரர்களுக்கு அது தூதரகம். காலையில் ஒரு மனிதரை நான் வெறும் தெருப்பெயரை வைத்து ஆறுதல்படுத்தி அனுப்பியிருந்தேன்.

அவருடைய பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் செய்தேன். “நான் காலைல சொன்னது தப்புங்க. மிஷன்னா எம்பசியாவும் இருக்கலாம்.”

“நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றேன் மேடம்” என்றார்.

அவர் வருவதற்குள் என்னால் ஆனதைத் தேடினேன். அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்றுக்கு இணையதளம் இருந்தது. ஒரு பக்கம் திறக்க நாலு நிமிடம். மூன்றாவது பக்கத்தில் சின்னச் செய்தி: சனிக்கிழமை மாணவர் ஊர்வலம், பிரெஞ்சுத் தூதரகத்தின் மீது கல்வீச்சு, இரண்டு ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. இறந்தவர்கள் பற்றி ஒரு வரியும் இல்லை. மெயிலில் வந்த படமும் அங்கே இல்லை.

புதன்கிழமை அதை வாசித்துக் காட்டினேன். “பேப்பர்காரனுக்குத் தெரியாம இருந்துதுன்னா?” என்று கேட்டார். கேட்பதில் தப்பில்லை. பிரான்ஸ் அரசாங்கத்தின் தளத்திலிருந்து தூதரகத்தின் எண்ணை எடுத்து, அங்கே ஆபீஸ் திறக்கும் நேரம் பார்த்து, மத்தியானம் கடையின் ஐஎஸ்டி கூண்டுக்குள் போனேன். அவர் கண்ணாடிக்கு வெளியே நின்றார்.

போனை எடுத்த பெண்மணி நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். “பதினோரு பேரா? பதினோரு கண்ணாடிகூட உடையவில்லையே” என்றார். சாந்த்ரினிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். “சாந்த்ரினா? ஜூன் மாதமே வேலையை விட்டுவிட்டுப் பிரான்சுக்கு, லியோனுக்குப் போய்விட்டாளே” என்றார்.

போனை வைத்த பிறகும் கூண்டுக்குள்ளேயே நின்றேன். பாதியை மட்டும் சொல்லிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் முந்தின நாள்தான் ஒரு தப்பான ஆறுதலைக் கொடுத்திருந்தேன்.

“யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. ரெண்டு கண்ணாடிதான் உடைஞ்சுது.”

“சாந்த்ரின்கிட்ட பேசினீங்களா?”

“அவங்க அங்க இல்ல. ஜூன்லயே லியோனுக்குப் போயிட்டாங்களாம்.”

“அப்ப அவளுக்கு அடி எதுவும் படல” என்றார் முதலில்.

“இல்ல.”

காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அணைத்துக் கிடந்த திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “போன வாரங்கூட மெயில் வந்துது. அங்கருந்து எழுதற மாதிரியேதான். ஜூனுக்கு அப்புறம் வெயிலப் பத்தி மட்டும் எழுதல. நான் கவனிக்காம உட்டுட்டேன்.” கொஞ்சம் கழித்து, “அத்தைக்குத் தெரியும் மேடம். நான் எம்பசிக்குப் போன் போட்டுடுவேன்னுதான் மிஷன்னா சர்ச்சுன்னு சொல்லி என்ன அனுப்பி வெச்சிருக்காங்க.”

“ஏன்னு சாந்த்ரினையே கேட்டு எழுதுங்களேன்.”

“எப்படிக் கேக்கறது? பிரான்சுக்குப் போனா கூப்புடறேன்னு சொன்னா. போயிட்டியாமேன்னு கேட்டா, பேப்பருக்குத்தான் கேக்கறான்னு ஆயிடும். ஊரே சொல்லுது. அவளும் நெனச்சுட்டான்னா?”

அத்தை கொடுத்த பிரிண்ட் அவுட்டில் இருந்த நாற்பது முகவரிகளுக்கும், இந்தச் செய்தி பொய், யாரும் இறக்கவில்லை, படம் வேறு எங்கோ எடுத்தது என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதி அனுப்பினேன். ஒருவர் மட்டும், நீங்கள் யார் என்று கேட்டுப் பதில் போட்டார். மறு வருடம் அதே படம் வேறொரு நாட்டின் பெயரோடு சுற்றியது. அதில் இறந்தவர்கள் பத்தொன்பது பேர்.

பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. செல்வகுமார் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சாந்த்ரினைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிரெஞ்சில் ஒரு அகராதி வாங்கினால் எது நல்லது என்று மட்டும் விசாரித்தார்.

அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த செவ்வாய், வழக்கம்போல் கடை திறக்கும்போதே வந்தார். மெயிலைத் திறந்து படித்தார். பிறகு முதல்முறையாக என்னைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டார். சாந்த்ரின் எழுதியிருந்தாள்: முந்துன வாரம் சனிக்கிழமை இங்க எம்பசி மேல கல்லு வீசுனாங்க, நான் உள்ளதான் இருந்தேன், கண்ணாடி உடைஞ்சுது, நீ பயப்படாத.

நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஒரு வரி மட்டும் அவ பாஷையில எழுதணும் மேடம். கண்ணாடி உடையறப்ப ரொம்ப பயந்துட்டியான்னு பிரெஞ்சுல எப்படிக் கேக்கறது? ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க, நானே அடிக்கறேன்.”