விஜயதசமியன்று ஓடாத கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நான் ‘கம்ப்யூட்டர் சார்’. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். கம்பெனியில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். துணிப் பெட்டிகளில் ஒட்டும் லேபிளை அச்சடிப்பது அதன் வேலை. அதன் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தது வன்னியம்பட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண். டைப்பிங் தெரிந்தவள், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் வேலை நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நின்றுபோகாத நாளெல்லாம் நான் பேப்பர் படித்தேன்.

காலையில் வந்ததும் அவள் ஓர் எழுத்தைத் தட்டி எண்டரை அமுக்குவாள். நான் மூன்று வரிக் கட்டளை எழுதி வைத்திருந்த பேட்ச் ஃபைல், லேபிள் புரோகிராமை அது இருக்கும் ஃபோல்டரிலிருந்து எழுப்பிவிடும். அந்த மூன்று வரிதான் என் அறிவு என்று முதலாளி நம்பினார். அதிகம் தப்பில்லை.

ஆயுத பூஜையன்று மாலை முதலாளி கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். “ஏமய்யா, தறிக்கெல்லாம் சாமி பேரு இருக்கு. இதுக்குள்ள ஆண்டாள் தாயார் பேரு போட முடியாதா?”

“தாராளமா முதலாளி. இந்தப் புது விண்டோஸ்ல எம்புட்டு நீளமாவும் பேரு வைக்கலாம். நடுவுல இடம்கூட விடலாம்” என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னது. வெறும் LABEL என்றிருந்த ஃபோல்டர் இங்கிலீஷ் எழுத்தில் ‘ஸ்ரீ ஆண்டாள்’ ஆனது. பேட்ச் ஃபைலிலும் புதுப் பெயரை எழுதினேன். ஓட்டிப் பார்க்கலாம் என்று கையை நீட்டும்போது முதலாளியம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். மானிட்டருக்குப் பொட்டு, கீபோர்டுக்கு மாலை. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக் கூடாது. பெயர் மாற்றியதுதானே, அதற்கென்ன சோதனை என்று அவல் பொரி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் விஜயதசமி. கற்பூரம் காட்டி, நல்ல நேரம் பார்த்து, “அந்தப் பிள்ளையே ஆரம்பிக்கட்டும்” என்றார் முதலாளி. அவள் புதுத் தாவணியில் வந்திருந்தாள். கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எண்டரை அமுக்கினாள்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரு வரி. அதில் முதல் சொல் ‘பேட்’, அதாவது கெட்டது. முதலாளிக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கட்டளையில் ஓர் இடைவெளி வந்தால் பெயர் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும் இயந்திரம் அது. இடம் விட்ட பெயரென்றால் பாதை முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். நான் அடைக்கவில்லை. அது ‘ஸ்ரீ’ என்று ஒருவரைத் தேடிப் போய், அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது.

சுற்றி நின்றவர்களுக்கும் விளங்கிவிட்டது, வேறு மாதிரி. “பிள்ளைக்குக் கைராசி இல்ல போல” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். அவளைப் பெண் பார்க்க சுந்தரபாண்டியத்திலிருந்து ஆள் வருவதாகப் பேச்சு இருந்தது. இந்தச் சொல் சாயங்கால பஸ்ஸில் அவளுக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

“முதலாளி, தப்பு என்னோடது. பேருக்கு நடுவுல இடம் விட்டதுதான் கோளாறு.”

“தாயார் பேருலயா கோளாறுங்கிறீரு?”

“இல்ல முதலாளி, பேருல இல்ல. நான் அதை எழுதின விதத்துல.”

“பிள்ளைக்காகப் பரிஞ்சு பேசுறீரு. நல்ல மனசு” என்றார். நானே உட்கார்ந்து அமுக்கிக் காட்டினேன். அதே கறுப்பு, அதே வரி. “உம்ம கை எங்களுக்குத் தெரியாததா” என்றார் தறி மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

முதலாளி தீர்ப்புச் சொன்னார்: அவள் வேலையில் இருக்கட்டும், ஆனால் இனி தினமும் முதல் எண்டரை மேஸ்திரி அமுக்கட்டும். புதுத் தறியில் முதல் பாவு நூலைப் பூட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள், அப்படிக் கைராசி. மேஸ்திரி கையைக் கழுவிவிட்டு வரப் போனார். அந்தச் செத்த நேரத்தில் நான் அவசரமாக இரண்டு மேற்கோள் குறிகளைப் போட்டேன். கோளாறைச் சரிசெய்கிறோம் என்ற நினைப்பைத் தவிர வேறு நினைப்பு அப்போது எனக்கில்லை. மேஸ்திரி வந்து அமுக்கினார். லேபிள் புரோகிராம் பளிச்சென்று வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள். “அண்ணே, அவிய அமுக்குன பொறவு சரி பண்ணிருக்கக் கூடாதா?”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நாளைக்கு அந்த ரெண்டு குறியையும் எடுத்துடுறேன். அவர் அமுக்கட்டும், ஓடாது. பொறவு உன் கையில ஓட வைக்கிறேன்” என்றேன். துணிச்சலான யோசனை என்று எனக்கே பட்டது.

“எதுக்கு? அவிய பொழப்பே அந்தக் கைதான். அதையும் கெடுக்கவா?”

நான் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மேஸ்திரி வருவார், பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டு எண்டரை அமுக்கிப் போவார். அவர் வரும்வரை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பாள். பகலில் கரண்ட் போகும், வரும். ஒவ்வொரு முறையும் அவள்தான் மறுபடி அமுக்குவாள், ஒரு முறைகூட ஓடாமல் இருந்ததில்லை. அது கணக்கில் வரவில்லை. “பாருங்க முதலாளி, அவ கையிலயும் ஓடுதே” என்று ஒருநாள் சொன்னேன். “காலையில மேஸ்திரி ஆரம்பிச்சு வச்சதாச்சே” என்றார். சுந்தரபாண்டியத்து ஆட்கள் வரவே இல்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தை பிறந்து கொஞ்ச நாளில் ஆர்டர் அதிகமாகி, தறிகளை விட்டு வர மேஸ்திரிக்கு நேரமில்லாமல் போனது. “முதலாளி, எனக்குத் தறிக்கிட்ட ஆயிரம் சோலி கிடக்கு. தாயி, நீயே அமுக்கிக்கோ” என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டுப் போனார். முதலாளி யோசித்தார். “சரி, கெட்ட நேரம் கழிஞ்சிருக்கும்” என்றார் பெருந்தன்மையாக.

அவள் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அதைச் செய்த நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எண்டரை அமுக்கினாள். ஓடியது. என் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்பினால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அதுவரைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.