தோழிக்கு எழுதியதை வேறு யாரோ படித்தார்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது, பிரவுசிங் சென்டரில் நண்பர்களுக்கான வலைத்தளம் ஒன்றில் சேர்ந்தேன். "சனிக்கிழமை வேலை முடிந்து காதர்பேட்டை ஸ்டாப்பில் தனியாகத்தான் நிற்பேன், கூப்பிடு" என்று செல் நம்பரோடு தோழி மேரிக்கு எழுதினேன்.

சனிக்கிழமை ஸ்டாப்பில் நின்றபோது செல் அடித்தது. "பச்சை சுடிதார் நல்லாருக்கு" என்றது ஓர் ஆண் குரல். பக்கத்து இஸ்திரிக் கடைக்குள் ஓடினேன்.

"பயப்படாத கண்ணு, உக்காரு. ஊட்டுலிருந்து ஆராச்சும் வரட்டும்" என்றார் கடைக்கார அக்கா. கடை போனிலிருந்து என் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வந்து சேரும்வரை என் செல் ஓயாமல் அடித்தது.

விஷயத்தைக் கேட்ட மேரி பதறினாள். "அடியே, அது லெட்டர் இல்லடி. அந்த வலைத்தளத்துல என்னோட பக்கத்துல நீ எழுதுறத எல்லாரும் படிக்கலாம்!" உடனே அதை அழித்தோம். நம்பரையும் மாற்றினேன்.

இப்போதெல்லாம் ஓர் இடத்துக்குப் போய் வீடு திரும்பிய பிறகுதான் அதைப் பற்றி எழுதுகிறேன்.